ஒன்பதும் ஒண்ணும்

மருத்துவமனையின் தரைமட்டத்துக்கும் கீழே இருந்தது சலவைக்கூடம். மேலே ஆறு மாடியில் யார் படுத்து எழுந்தாலும் அந்தப் படுக்கையின் விரிப்பு ஒரு மணி நேரத்தில் மூட்டையாக இங்கே வந்து விழும். பிரித்து, துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் கொடுத்தால் மறுபக்கம் விறைப்பாக வெளியே வரும். உருளையின் வாயில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. பிடித்து, பின்னால் நகர்ந்து, உதறி, முன்னால் வந்து மூலையோடு மூலை சேர்த்து, மறுபடியும் பின்னால். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு. ஒரே ஆளை நோக்கி அறுநூறு முறை நடந்து அறுநூறு முறை விலகினால் வாய் சும்மா இருக்காது.

பதினோரு வருடமாக அவன் அங்கே ஒரு பக்கம் நின்றான். எல்லோரும் அவனை அகராதி என்றார்கள். கிண்டலாக வைத்தது. கிண்டல் தேய்ந்து போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிரிந்த நூலை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டுமென்றால், "அந்த மயிர்குறைகருவியை இங்க அனுப்புங்க" என்பான். முதல் முறை கேட்டபோது உருளை ஓட்டுகிறவர் வேலையை நிறுத்திவிட்டு, "என்ன வார்த்தை சொன்னே?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அது பழைய காலத்துச் சொல் என்று தெரிந்ததும் அவரே அதை வீட்டில் போய்ச் சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சுவர்க்கடிகாரம் அவனுக்கு நாழிகை வட்டில். தலையணை, சாய்மானம். போர்வை, மெய்ம்மூடி. திங்கட்கிழமைக்கு அவனே ஒரு சொல் செய்து வைத்திருந்தான், வாரத்தலை.

"திங்கக்கெழமைன்னு சொன்னா என்னவாம்?" என்றார் உருளைக்காரர்.

"வாரம் முண்டமா இருந்தா உங்களுக்குச் சம்மதமா அண்ணே?"

இதெல்லாம் அவனுடைய கெட்டிக்காரத்தனம் என்று கூடத்தில் பேச்சு. அவனுக்குத் தெரியும், அது வேறு கணக்கு. க, ப, த. இந்த மூன்றில் தொடங்கும் சொல் எதுவானாலும் அவன் வாய்வரை வந்து நின்றுவிடும். தள்ளினாலும் நகராது. தொண்டை இறுகி, கண் மேலே செருகி, எதிரில் இருப்பவர் பொறுமையிழந்து அந்தச் சொல்லை அவனுக்காகச் சொல்லி முடிப்பார். சின்ன வயதில் அப்படி ஊரே அவனுக்குச் சொல்லி முடித்திருக்கிறது.

பள்ளிக்கூட நூலகத்தில் அட்டை பிய்ந்த அகராதி ஒன்று இருந்தது. மற்றவர்கள் பந்து விளையாடும் நேரத்தில் அவன் அதோடு உட்கார்ந்திருப்பான். 'காலை' வராது, சரி, 'விடியல்' இருக்கிறது. 'கண்ணாடி' வராது, 'ஆடி' என்று ஒன்று கிடக்கிறது. தெருவெல்லாம் தோண்டிப் போட்ட ஊரில் சந்து சந்தாகப் புகுந்து நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேருகிற ஆள் மாதிரி, எந்தச் சொல்லுக்கும் பின்வாசல் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தான். நாலு சொல் தள்ளி ஒரு 'ப' வருகிறது என்பது வாக்கியத்தைத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். அதற்குள் திரும்பிவிடுவான். கேட்கிறவர்களுக்கு வேடிக்கை, அவனுக்கு வழி. இப்போது வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

பின்வாசலே இல்லாதது ஆட்களின் பெயர் மட்டும்தான். பெயரை மாற்றிச் சொன்னால் அது வேறு ஆள். நல்லவேளை, நம் பேச்சில் பெயர் சொல்லாமலே ஒரு ஆயுளை ஓட்டலாம். அக்கா, அண்ணே, சார், அம்மா. ஆனால் ஒரே கூடத்தில் ஏழு அக்காக்கள் இருந்தால், "அக்கா" என்றதும் ஏழு தலை திரும்பும். அதனால்தான் பட்டப்பெயர் வைக்க ஆரம்பித்தான். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற அக்கா, எதிர்முனை. உருளைக்காரர், ஆவி. மூட்டை பிரிக்கும் மேசையில் கறையைப் பார்த்தே அது டீயா, டானிக்கா, மையா, மேலே எந்த வார்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிற பெண், உளவு. பெயர்கள் ஒட்டிக்கொண்டன. எதிர்முனை ஒருநாள் சொன்னாள்:

"எனக்கே என் பேரு மறந்துபோச்சு. வீட்ல அம்மா, அண்ணி, சித்தி. இங்க எதிர்முனை. வோட்டுப் போடப் போனாத்தான் யாரோ வாசிக்கிறாங்க. யாரு இதுன்னு நானும் திரும்பிப் பாக்கிறேன்."

அவன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். அழுக்கு மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர் நோட்டோடு நின்று, "தலையணை உறை எத்தனை கட்டு?" என்று கேட்டார். பத்துக் கட்டு. அவனுக்கு உதடு ஒட்டிக்கொண்டது. "ஒன்பதும் ஒண்ணும்" என்றான். வண்டிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று சொல்லிச் சிரித்தார். வண்டி போகும்வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

மறுநாள் எதிர்முனை ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவனையும் ஆவியையும் உளவையும் கூப்பிட்டாள்.

"சும்மா மடிச்சிக்கிட்டே இருந்தா மூளை மடிஞ்சிடும். ஒரு ஆட்டம். ஆளுக்குப் பத்துச் சொல்லு எழுதிப் போடுங்க. திங்கக்கெழமை டீ நேரத்தில ஒரு சீட்டு எடுப்போம். அந்தச் சொல்லை சனிக்கெழமை வரைக்கும் நாலு பேரும் சொல்லக் கூடாது. யாரு வாயில வருதோ, அவங்க அன்னைக்கு எல்லாரு சாப்பாட்டு டப்பாவும் கழுவணும்."

முதல் சீட்டிலேயே 'தண்ணீர்' வந்தது. சலவைக்கூடத்தில். ஆவி குழாய்க்காரருக்கு போன் செய்து, "மேலேருந்து கீழ வர்றது இன்னைக்கு வரல" என்றார். அந்தப் பக்கம், "யாரு, உங்க சூப்பர்வைசரா?" என்று கேட்டார்கள். உளவு சிரித்துச் சிரித்து, தண்ணி குடிக்கணும் என்று சொல்லி டப்பா கழுவினாள். இன்னொரு வாரம் 'இல்லை'. வார்டிலிருந்து நர்ஸ் வந்து விரிப்பு இருக்கிறதா என்று கேட்டால், எதிர்முனை முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "நேத்து இருந்தது சிஸ்டர். நாளைக்கும் இருக்கும்" என்பாள். ஒரு வாரம் 'நான்'. அந்த வாரம் ஆவி தன்னை "இந்த உடம்பு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சாமியாராகிவிட்டார் என்று மேல்மாடிவரை செய்தி போனது.

பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட டப்பா கழுவாதவன் அகராதி ஒருவன்தான். மற்ற மூவரும் வாரம் முழுக்க ஒரு சொல்லைச் சுற்றித் தடுமாறி, தலையைச் சொறிந்து, புதுசு புதுசாகக் கட்டிப் பேசினார்கள். அவன் வழக்கம்போலப் பேசினான். உலகம் அவனுடைய நடைக்கு வந்து சேர்ந்த இடம் அந்தக் கூடம் ஒன்றுதான். விடியலில் படியிறங்கும்போது சோப்பு வாசனை முகத்தில் அடித்ததும் அவன் நெஞ்சு லேசாகிவிடும்.

பழைய கண்காணிப்பாளர் வேறு கிளைக்குப் போனார். புதிதாக வந்திருந்த நிர்வாக மேலாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். எப்போதும் கையில் பேனா. சிரித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அடுத்த திங்கள்லேருந்து நீங்க கண்காணிப்பாளர். மூட்டைகளை வார்டு வாரியா நிறக்கயிறு கட்டிப் பிரிக்கிற யோசனை உங்களோடதுன்னு சொன்னாங்க. நல்ல யோசனை."

"சரிங்க மேடம்."

"ஒரு விஷயம். ஒருத்தருக்கு ஒருத்தர் கையெழுத்துப் போடுறது இனி நடக்கக் கூடாது. தினமும் காலையில பதிவேட்டைப் பாத்து முழுப் பேரையும் சத்தமா வாசிக்கணும். ஆள் கையைத் தூக்கி உள்ளேன் சொல்லணும். முதல் வாரம் நானும் வந்து நிப்பேன்."

அந்த வேலையை அவன் எவ்வளவு விரும்பினான் என்பது மனைவிக்குத்தான் தெரியும். கண்காணிப்பாளருக்குப் பகல் ஷிப்டு மட்டும். மகளுக்கு ஏழு வயது. வாரம் மாற்றி வாரம் அவன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் பள்ளியிலிருந்து வருவாள், வீடு திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பெயர் வைத்தபோது மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: அவனுக்குத் தடங்கலில்லாமல் வருகிற எழுத்தில் தொடங்க வேண்டும். அந்தப் பெயரை மாலையில் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்பது அவன் ஆசை.

பதிவேட்டைப் படம் பிடித்து வந்தான். இருபத்திரண்டு பெயர். சமையலறையில் மனைவி எதிரே நின்றாள். மகள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு குரலில் உள்ளேன் சொல்லத் தயாராக இருந்தாள். பதின்மூன்று பெயர்கள் நகரவில்லை. நாலாவது பெயரிலேயே மகள் அவசரப்பட்டு, அவன் சொல்லி முடிக்காத பெயருக்கு உள்ளேன் போட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"மேடம்கிட்ட சொல்லிடுங்களேன். இதில என்ன இருக்கு" என்றாள் மனைவி.

"சொல்லலாம்" என்றான். சொல்லப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை உருளையடியில் எதிர்முனையிடம், "அந்த வேலை வேணாம்னு எழுதிக் குடுத்திடலாம்னு இருக்கேன் அக்கா" என்று சொல்ல நினைத்தான். நடுவில் ஒரு 'கு' நின்றது. "அந்த வேலை வேணாம்னு எழுதிடலாம்னு இருக்கேன் அக்கா" என்றான்.

"ஏன்?"

"விடிகாலை எந்திரிக்கணும். உடம்பு ஒத்துழைக்காது."

அவள் ஒரு விரிப்பை மடித்தாள். இன்னொன்றையும் மடித்தாள். மூன்றாவதில் மூலையை அவன் கையில் கொடுக்கும்போது, "திங்கக்கெழமை வரைக்கும் ஒண்ணும் எழுதாதே" என்றாள்.

திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மேலாளர் ஒரு ஓரத்தில் பேனாவோடு. அவன் பதிவேட்டைத் திறந்தான். முதல் பெயரே 'க'. அப்போது எதிர்முனை வரிசையிலிருந்து வெளியே வந்தாள். கையில் பிஸ்கட் டப்பா.

"வேலை தொடங்குறதுக்கு முன்னாடி இந்த வாரச் சீட்டை எடுத்திடலாம். இந்த வாரம் கூடத்தில எல்லாரும் ஆட்டத்தில சேர்றாங்க. பேசியாச்சு."

"என்ன இது?" என்றார் மேலாளர்.

"பதினோரு வருஷமா நடக்குது மேடம்" என்றாள் உளவு. "டப்பா சொன்னா சொன்னதுதான். நாங்க மீறுறதில்ல."

ஆவி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுக் கலக்கி ஒரு சீட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "ஆட்களின் பெயர். யாரும் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது."

மேலாளர் பதிவேட்டைக் காட்டி, "அப்ப வருகை எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் முதல் பெயரைப் பார்த்தான். அந்தப் பெயருக்குரியவர் மூன்றாவது ஆளாக நின்றார். எவ்வளவு நீர் கொட்டினாலும் அவர் காலணி நனையாது.

"நனையாத செருப்பு."

"உள்ளேன்" என்று அவர் கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்றவர் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"ஆறாவது டீ." உள்ளேன். "ஜன்னலோரம்." உள்ளேன். "விடுமுறை மனு." கொஞ்சம் தயங்கி, ஒரு பெருமூச்சோடு, உள்ளேன். "ஆமாம் ஆமாம்." "ஆமா, உள்ளேன்" என்றார் அவர், வரிசை முழுதும் குலுங்கியது. எந்தப் பெயர் யாருக்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் இப்போது வரிசையாக வந்தது. ஆவி. உளவு. எதிர்முனை. மேலாளர் தன்னிடமிருந்த பட்டியலில் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். இருபத்திரண்டும் சரியாக இருந்தது.

"நான்?" என்றார்.

அவன் யோசித்தான். "எழுத்தாணி, மேடம்."

அவருடைய பேனா அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் செருகினார். "சனிக்கிழமை வரைக்கும்தான். அடுத்த வாரத்திலேருந்து பேரு வேணும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

டீ நேரத்தில் டப்பாவை அலமாரியில் வைக்கப் போனவன், அடுத்த வாரம் என்ன வரும் என்று ஒரு சீட்டைப் பிரித்துப் பார்த்தான். ஆட்களின் பெயர். இன்னொன்று. ஆட்களின் பெயர். டப்பாவையே கவிழ்த்தான். முப்பது நாற்பது சீட்டு. எல்லாம் ஒரே கையெழுத்து. சீட்டுகளைத் திரும்ப டப்பாவுக்குள் அள்ளிப் போட்டான். முதலில் முகம் சுட்டது. அம்மணமாகத் தெருவில் நிற்பதுபோல.

உருளையடியில் விரிப்பின் மூலையை எடுத்தான். அவள் மறுமுனையை எடுத்தாள்.

"எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?" கேட்ட பிறகுதான் கவனித்தான், 'தெரியும்' என்ற சொல் 'உங்களுக்கு' என்பதன் முதுகில் ஏறி வந்துவிட்டிருந்தது.

"ஒன்பதும் ஒண்ணும் சொன்னியே, அன்னைக்கிலேருந்து" என்றாள். "வண்டிக்காரர் சிரிச்சாரில்ல. எல்லாரும் உன்ன மாதிரியே பேசினா அவரு யாரைப் பாத்துச் சிரிப்பாருன்னு தோணிச்சு. வீட்ல பிஸ்கட் டப்பா காலியா இருந்தது."

அவர்கள் நெருங்கினார்கள். மூலைகள் சேர்ந்தன. விலகினார்கள்.

"மத்தவங்க?"

"ஆவிக்கு ரெண்டாவது வருஷம். நீ வச்ச பேரு ஒண்ணுகூட கானாவில தொடங்கலன்னு ஒருநாள் சொன்னாரு. உளவுக்கு நான் சொல்லணுமா. கறையப் பாத்தே ஆளைச் சொல்றவ."

"யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"சொன்னா ஆட்டம் போயிடுமே. எங்களுக்கும் பிடிச்சிருந்ததுப்பா. உனக்காக மட்டும்னா பதினோரு வருஷம் யாரு டப்பா கழுவுவா?"

அவன் அடுத்த விரிப்பைப் பிடித்தான். நன்றி என்று சொல்லியிருக்கலாம். அது 'ந'. அவனுக்கு வழுக்கிக்கொண்டு வரும். அவ்வளவு சுலபமாக வருவதை அவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

அந்த வாரம் கூடத்தில் எல்லாம் பெயரில்லாமல் நடந்தது. இருபத்திரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பெயர் கட்டினார்கள். ஆறாவது டீ ஏழாவது டீயாகப் பதவி உயர்ந்தார். வண்டிக்காரருக்கு ஒன்று வேண்டுமென்று அவரே கேட்டார். "அரைச்சிரிப்பு" என்று வைத்தான். "முழுசா வச்சா என்ன?" என்றார். மேலாளர் தினமும் வந்தார். எழுத்தாணி என்று கூப்பிட்டதும் கடைசியாக அவரும் உள்ளேன் சொன்னார்.

சனிக்கிழமை. பட்டப்பெயர்கள் வரிசையாக வந்து பதினேழாவது இடத்தில் நின்றன. அடுத்தது எதிர்முனை. அவன் தாளை விட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உதடுகள் சேர்ந்தன. பிரியவில்லை.

அது எதிர்முனை என்பதற்கான வாய் அல்ல என்று முதலில் புரிந்துகொண்டவள் உளவு. பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்தாள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கண் மேலே போனது. உருளை புஸ்ஸென்று ஒருமுறை ஆவி விட்டு அடங்கியது. கூடத்தில் இருபத்திரண்டு பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒருவர்கூட அதை அவனுக்காகச் சொல்லவில்லை. மேலாளர் பேனாவைக் கையில் பிடித்தபடி, போக வேறெங்கும் இல்லாதவர் போல நின்றார். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அவகாசத்தை யாரும் அவனுக்குத் தந்ததில்லை. சுவரில் நாழிகை வட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

உதடு விட்டது. பெயர் முதலெழுத்தில் மூன்று முறை முட்டி, நான்காவதில் முழுதாக வெளியே வந்தது. அப்பா பெயரும் சேர்த்து, பதிவேட்டில் இருந்தபடியே.

எதிர்முனை கையைத் தூக்க மறந்துவிட்டாள். யாருடைய பெயர் அது என்று கேட்பவள் போல ஒரு கணம் நின்றாள். பிறகு, "உள்ளேன்" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தோத்துட்டே அகராதி. இன்னைக்கு நீதான் டப்பா."

"இருபத்திரண்டா?" என்றார் ஆவி. "இந்த வாரம் கூடமே ஆட்டத்தில இருக்கில்ல. பாவம்."

மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தொட்டியோரம் டப்பாக்கள் வரிசையாக நின்றன. எண்ணினான். இருபத்து மூன்று. கடைசியாக இருந்ததன் மூடியில் ஒரு பேனா வரைந்திருந்தது.

அவன் குழாயைத் திறந்தான். எதிர்முனை துடைக்கிற துணியோடு வந்து மறுபக்கம் நின்றாள். ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் ஒட்டிய நாடாவில் சொந்தக்காரரின் பெயர் எழுதியிருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. அவன் டப்பாவைத் திருப்பி, பெயரை வாசித்து, கழுவி, அவளிடம் நீட்டினான். சிலது உடனே வந்தது. சிலது வரும்வரை தண்ணீர் ஓடியது. அவள் துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், உருளையடியில் அடுத்த விரிப்புக்குக் காத்திருப்பது போல.

"எத்தனை ஆச்சு?" என்றாள்.

அவன் கழுவிய டப்பாக்களைப் பார்த்தான். அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது. இன்றைக்குத் தள்ளினால் வந்தும்விடும்.

"ஒன்பதும் ஒண்ணும்" என்றான்.

"சரி, அடுத்ததைக் குடு."